பட்டறைப் பதில்கள்: பழைய டிரக்கும் முதல் வெல்டிங் மெஷினும்

கேள்வி: ஐயா, ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கியிருக்கிறேன். பின்பக்கத் தொட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டையான தளம் போட வேண்டும். முன்னால் கனமான பம்பர், மேலே சாமான் ஏற்ற ஒரு ரேக், கேபின் தரையில் துரு தின்ற இடங்களுக்கு ஒட்டு, பின் ஸ்பிரிங் பிராக்கெட்டை இரண்டு அங்குலம் நகர்த்துவது என்று வேலை நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் நானே செய்ய ஆசை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு மெஷின்தான் வாங்க முடியும். ராடு வைத்து ஒட்டும் ஸ்டிக் வாங்கலாமா, சுருளிலிருந்து கம்பி தானாக வரும் மிக் வாங்கலாமா? நண்பர் ஒருவர் தன் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். வேலை செய்யப்போவது வாசலில், தலைக்கு மேல் ஷீட் கூரை மட்டும்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான் எனக்கு அதிகம் உதவின. பெரும்பாலும் மெஷின் பெயரை மட்டும் எழுதி "வாங்கலாமா" என்று கேட்கிறார்கள். எந்தச் சாக்கெட்டில் செருகப்போகிறோம், எந்த இடத்தில் நின்று வேலை செய்யப்போகிறோம், வேலையில் மிக மெல்லிய தகடு எது என்ற மூன்றும் தெரிந்தால் மெஷின் தானாக முடிவாகிவிடும்.

முதலில் தகட்டைப் பார்ப்போம். சாதா இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது பட்டறைக் கணக்கு. தளத்துக்கும் ரேக்குக்கும் நீங்கள் எடுக்கப்போகும் ஆங்கிள், பைப், சேனல் எல்லாம் 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பம்பர் மவுண்டுக்கு 5 அல்லது 6 வரலாம். இதெல்லாம் ஸ்டிக் மெஷினுக்கு நன்றாக ஒத்துவரும் வேலை. சிக்கல் கேபின் தரையில்தான். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். துரு அரித்த ஓரத்தில் அதில் பாதிகூட மிஞ்சியிருக்காது. அங்கே ராடை வைத்தால் ஒட்டு விழுவதற்கு முன் ஓட்டை விழும். கை பழகியவர்களுக்கே அந்த வேலை சள்ளை.

மிக் மெஷினில், அதாவது பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்கிறோமே அதில், 0.6 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டு 30, 40 ஆம்பில் அந்தத் தகட்டைத் தைக்க முடியும். தொடர்ச்சியாக ஓட்டக் கூடாது. ஒரு புள்ளி, அரை ஜாண் தள்ளி இன்னொரு புள்ளி, அப்புறம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று சூட்டைப் பரத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு மங்கிய பிறகுதான் பக்கத்துப் புள்ளி. அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும், பிறகு எந்தச் சுத்தியலாலும் சமமாகாது. துரு தின்ற ஓரத்தை இரக்கம் பார்க்காமல் வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான இரும்பு தெரிகிற இடத்தில்தான் ஒட்டுத் தகட்டை வைக்க வேண்டும். சீட், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடங்களை மட்டும் தொடாதீர்கள். அவை உயிரைத் தாங்கும் இடங்கள். பாடி வேலை தெரிந்தவர் கையால் நடக்கட்டும்.

இரண்டாவது, வாசல். மிக் மெஷினில் காஸ்தான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் அளவில் மெதுவாக வரும் காஸ் அது. மின்விசிறிக் காற்றடித்தாலே விலகிவிடும். விலகினால் வெல்டுக்குள் பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். கிரைண்டர் வைக்கும்போதுதான் தெரியும். திறந்த வாசலில் ஸ்டிக் ராடுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதன் பூச்சே புகையாகிக் காவல் நிற்கும். காஸ் இல்லாமல் ஓடும், உள்ளே அதே மாதிரிப் பூச்சு மருந்து அடைத்த ஃப்ளக்ஸ் கோர் கம்பியும் அப்படித்தான். ஆனால் அந்தக் கம்பி சூடு அதிகம் இறக்கும். மெல்லிய தகட்டில் புதிதாகக் கற்பவர் அதை அடக்குவது கஷ்டம்.

மூன்றாவது, சாக்கெட். 230 வோல்ட், 16 ஆம்ப் சாக்கெட் என்றால் மொத்தம் 3,680 வாட். ஸ்டிக்கில் 110 ஆம்பில் ஓட்டினால் ஆர்க்கில், அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடரில், சுமார் 24 வோல்ட் இருக்கும். அதுவே 2,600 வாட்டைத் தாண்டுகிறது. மெஷினுக்குள் ஆகும் இழப்பையும் சேர்த்தால் சாக்கெட் எல்லையில் வந்து நிற்கும். ஆகவே வீட்டுச் சாக்கெட்டில் 3.15 மில்லிமீட்டர் ராடுதான் உச்சம். நிம்மதியாக ஓடுவது 2.5 ராடு. எக்ஸ்டென்ஷன் வயர் போடுவதாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக, முழுவதும் பிரித்து நீட்டிப் போடுங்கள். சுருளோடு விட்டால் சுருளே சூடேறி உருகும்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது, மிக், ஸ்டிக் இரண்டும் ஓடும் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மெஷின், அதாவது எலெக்ட்ரானிக் வகை வெல்டிங் மெஷின். தளம், ரேக், பம்பர் எல்லாம் வாசலில் ஸ்டிக்கில் போகட்டும். கேபின் தரை வரும் நாளில் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, காஸ் வைத்து மிக்கில் செய்யுங்கள். தலையைப் புகைக்கு நேராக வைக்காதீர்கள், நாலாவது பக்கம் திறந்தே இருக்கட்டும். சிலிண்டரை வாங்குவதைவிட வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், அந்த வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: சிஓடூ சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை மீட்டர் முள் அசையாது. எவ்வளவு மிச்சம் என்று அறியத் தராசில்தான் வைக்க வேண்டும்.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது எல்லாரும் மேல் ஆம்ப் எவ்வளவு என்று கேட்பார்கள். நீங்கள் கீழ் ஆம்ப் எவ்வளவு என்று கேளுங்கள். 30 வரைக்கும் இறங்காத மிக் மெஷின் கேபின் தரைக்கு உதவாது. கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். 0.6, 0.8 கம்பி இரண்டையும் தள்ளும் ரோலர் இருக்கிறதா, 5 கிலோ சுருள் உட்காருமா, பிளஸ் மைனஸ் மாற்றிப் போட வசதி உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஒரு கிலோ சுருள் மட்டும் ஏற்கும் மெஷினில் கம்பிச் செலவு கூடிக்கொண்டே போகும். கையில் பிடித்து ஓட்டும் டார்ச் மெஷினோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் வேண்டாம். டார்ச்சைக் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் இருந்தால், டார்ச் போனாலும் வேறு டார்ச் மாட்டிக்கொள்ளலாம். டார்ச்சில் கம்பி வெளிவரும் நுனி அடிக்கடி தேயும் சாமான், அது எங்கும் கிடைக்கும் வகையாக இருப்பது முக்கியம்.

நண்பரின் டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைப் பற்றி. அந்தக் காலத்துச் செம்புச் சுற்று மெஷின்கள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. தூசியில், வெயிலில் கிடந்தும் தலைமுறை கடந்து ஓடுகின்றன. ஆனால் அதன் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். உள்வரும் மின்சாரம் 380 அல்லது 415 வோல்ட் என்று இருந்தால் உங்கள் வீட்டில் அது பேசவே பேசாது. 230 என்று இருந்தால் வாங்கி வையுங்கள், 6013 ராடில் தளம் முழுவதையும் அதிலேயே போடலாம். 7018 ராடு மட்டும் சின்ன ஏசி மெஷின்களில் பற்றவே அடம் பிடிக்கும். அதற்கு வேண்டிய திறந்த வோல்டேஜ், அதாவது ஆர்க் பற்றும் முன் முனையில் நிற்கும் வோல்டேஜ், அவற்றில் இருக்காது.

அப்படி அது கிடைத்துவிட்டால், கேபின் தரைக்காக மட்டும் புது மெஷின் வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள். ஒட்டுத் தகடுகளை நீங்களே வெட்டி, வளைத்து, இடைவெளி இல்லாமல் பொருத்தித் தயாராக வைத்துவிட்டால் மிக் வைத்திருக்கும் ஒருவருக்கு அது அரை நாள் வேலை. வெல்டிங்கில் நேரத்தைத் தின்பது பொருத்தும் வேலைதான். அதை நீங்கள் செய்தால் கூலி பெருமளவு குறையும். மிச்சப் பணத்தில் ஆர்க் பற்றியதும் தானாக இருளும் நல்ல ஆட்டோ ஹெல்மெட், தோல் கையுறை, கிரைண்டர், நாலைந்து கிளாம்ப் வாங்குங்கள். பணத்தை முழுக்க மெஷினில் போட்டுவிட்டு, கையில் பிடிக்கும் கண்ணாடியோடு ஒரு கையால் வேலை பழகுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். உருகிய இரும்பின் குட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெல்டிங் வராது. 100, 120 ஆம்ப் வேலைக்கு 11-ஆம் நம்பர் இருட்டுக் கண்ணாடி சரியாக இருக்கும்.

கடைசியாக ஸ்பிரிங் பிராக்கெட். இதை உங்கள் முதல் மெஷினால் செய்யாதீர்கள். டிரக்கின் சேசிஸ் வளைந்து கொடுக்கவென்று செய்யப்பட்டது. அதனால்தான் பல வண்டிகளில் பிராக்கெட்டுகளை ரிவெட்டிலோ போல்ட்டிலோ பிடிக்கிறார்கள். சில சேசிஸ்கள் சூட்டுப் பதம் போட்ட இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடம் அந்தப் பதத்தை இழக்கும். சேனலின் மேல், கீழ் உதடுகளில்தான் இழுவை அதிகம். அங்கே குறுக்காக ஒரு வெல்டு கோடு போட்டால் விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்தில் பிறக்கும். முதல் நாள் தெரியாது, சுமையேற்றி மேடு பள்ளத்தில் ஓடி ஓடித் திறக்கும். பிராக்கெட்டை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் சேனலின் நடு முகத்தில் துளையிட்டு, 10.9 தர போல்ட்டால் பிடிக்கும்படி சேசிஸ் வேலையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுங்கள். வண்டி தயாரித்தவர்களின் பாடி கட்டும் கையேட்டில் எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்று படம் போட்டிருப்பார்கள். அதையும், வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் இரும்பை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வண்டியில் கை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 3 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் நடுவில் இன்னொன்றை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடியுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீரில் போடாதீர்கள். வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடியுங்கள். அப்போது வெல்டின் அடி வேர் திறக்கப் பார்க்கும். தகடு மடங்கி வெல்டு நின்றால் சரி. உரிந்து வந்தால் உரிந்த இடத்தைப் பாருங்கள். அடித் தகட்டில் நீங்கள் கிரைண்டர் தேய்த்த கோடுகள் அப்படியே இருந்தால், இரும்பு உருகிச் சேரவே இல்லை, மேலே படுத்திருந்தது என்று அர்த்தம். சின்ன மிக் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். மேலே பார்த்தால் அழகான வரி, கீழே ஒட்டே இல்லை. ஸ்டிக்கில் கோளாறு இருந்தால் வெளியிலேயே அசிங்கமாகத் தெரிந்துவிடும். முதலில் ஸ்டிக் பழகுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: உள்ளங்கையில் தூக்கும் அளவுக்குச் சின்ன மெஷின், 200 ஆம்ப் என்று எழுதியிருக்கிறது. சாதா வீட்டுச் சாக்கெட்டில் ஓடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: ஓடும். 200 ஆம்பில் ஓடாது. ஸ்டிக்கில் 200 ஆம்புக்கு ஆர்க்கில் மட்டும் 28 வோல்ட், அதாவது 5,600 வாட் வேண்டும். உங்கள் 16 ஆம்ப் சாக்கெட்டின் முழுப் பலமே 3,680 வாட் என்று மேலே சொன்னேன். இல்லாத மின்சாரம் எங்கிருந்து வரும்?

பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிடுங்கள். மெஷினின் பின்புறத் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். கணக்கு பத்து நிமிடத்துக்கு. 200 ஆம்பில் 20 சதவீதம் என்றால் 2 நிமிடம் வெல்டு, 8 நிமிடம் ஓய்வு. அதே மெஷின் 60 சதவீதத்தில் சுமார் 115 ஆம்ப், இடைவிடாமல் என்றால் 90-க்குக் கொஞ்சம் கீழே. இந்தக் கடைசி எண்தான் மெஷினின் உண்மையான அளவு. அந்தக் கட்டமே இல்லாத மெஷினை வாங்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு 20 சதவீதம் மோசமில்லை. ஒரு ராடு எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம். அப்புறம் கசடு தட்டுவது, பிரஷ் போடுவது, அடுத்த துண்டைப் பொருத்துவது என்று மெஷின் தானாகவே ஓய்வெடுத்துக்கொள்ளும். சூடு மிஞ்சிவிட்டது என்று மஞ்சள் விளக்கு எரிந்தால் சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளே ஃபேன் சுற்றட்டும், அதுதான் ஆற்றும்.

கேள்வி: என் மகன் வாசலில் டிரக்கை நிறுத்திக்கொண்டு வெல்டிங் செய்கிறான். டீசல் டேங்க் காலி, பயமில்லை என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது திரவத்தின் மேல் நிற்கும் ஆவி. காலி டேங்க் முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். டீசலும் சூடுபட்டால் ஆவியாகும். டேங்கின் அருகே வேலை என்றால் கழற்றித் தூரமாக வைக்கச் சொல்லுங்கள். டேங்கையே வெல்டு செய்வதை அவன் கனவிலும் நினைக்கக் கூடாது. மூடிய குழாய், ஷாக் அப்சார்பர் போன்ற உள்ளே அழுத்தம் சேரும் எதன் மேலும் சூடு படக் கூடாது.

தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும், பிறகு பிளஸ். எலெக்ட்ரானிக் பெட்டிகள் உள்ள வண்டி என்றால் அவற்றின் கனெக்டரையும் பிடுங்குவது நல்லது. எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கும் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் போடச் சொல்லுங்கள். எங்கோ ஒரு மூலையில் மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகவும் ஸ்பிரிங் பட்டை வழியாகவும் போய் அவற்றில் தழும்பு போடும்.

தீ பெரும்பாலும் தகட்டின் மறுபக்கத்தில் பிடிக்கும். தரை விரிப்பு, சீட் பஞ்சு, வயர் கட்டு, அடிப்பூச்சு எல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருக்கின்றன. வேலை நடக்கும்போது மறுபக்கம் பார்க்க ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பவுடர் அணைப்பான். முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டுப் போகக் கூடாது. பஞ்சு உடனே எரியாது, கனன்று கனன்று பிறகு பற்றும்.

இன்னும் இரண்டு. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இரும்பை வெல்டு செய்யவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும், அதைக் கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில்தான் வேலை. இல்லையென்றால் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் நுரையீரலுக்குப் போவதில்லை.

பருத்திச் சட்டை முழுக்கையாக இருக்கட்டும். குழந்தைகளும் பக்கத்து வீட்டாரும் ஒளியைப் பார்க்காதபடி ஒரு மறைப்பு கட்டச் சொல்லுங்கள். கண்ணில் மணல் விழுந்தது போல எரிச்சல் பல மணி நேரம் கழித்துத்தான் வரும், பார்த்த கணத்தில் எதுவும் தெரியாது.

கேள்வி: காஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் கம்பி போட்டு பம்பர் செய்கிறேன். பொறி தெறித்துத் தெறித்து இரும்பு முழுக்கக் குருணை ஒட்டுகிறது. வெல்டு மேலேயே குவிகிறது. கம்பி மோசமா, மெஷின் மோசமா?

பதில்: இரண்டும் நன்றாகவே இருக்கலாம். மெஷின் கதவைத் திறந்து டார்ச் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். காஸோடு ஓடும் சாதாக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில். காஸ் இல்லாத கம்பிக்கு டார்ச் மைனஸில். பல மெஷின்கள் பிளஸ்ஸில் மாட்டியே பெட்டியிலிருந்து வருகின்றன. நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே அதுதான்.

மாற்றிய பிறகும் தெறித்தால் டார்ச் நுனியிலிருந்து கம்பி 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெளியே நீளட்டும். டார்ச்சைத் தள்ளாமல் உங்கள் பக்கம் இழுத்து ஓட்டுங்கள், கசடு பின்னால் தங்கும். ரோலர் பல் வைத்ததாக இருக்க வேண்டும், அதையும் லேசாக இறுக்குங்கள். இந்தக் கம்பி உள்ளே பொள்ளல், இறுக்கினால் நசுங்கும். கம்பிச் சுருளின் லேபிளில் கடைசி எழுத்து ஜிஎஸ் என்று இருந்தால் ஒரே வரி வெல்டுக்கு மட்டும்தான். பம்பர் மவுண்டில் ஒன்றன் மேல் ஒன்றாக வரி போடுவதாக இருந்தால் இ71டி-11 கம்பி வாங்குங்கள்.

கேள்வி: டிரக்கில் வைக்க அலுமினிய டூல் பெட்டி செய்ய வேண்டும். என் டிசி ஸ்டிக் மெஷினில் டிக் டார்ச் மாட்டும் வசதி உண்டு. போதுமா?

பதில்: டிக் என்பது தேயாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும் முறை. டிசி டிக் இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் போதும், அலுமினியத்துக்குப் போதாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே குழம்பாகிவிட்டாலும் மேலே தோல் பிடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று மொத்தமும் கீழே கொட்டும். ஏசி டிக் மெஷின் அந்தத் தோலை உடைத்துக்கொண்டே போகும். டிசி அப்படிச் செய்யாது. ஒரு பெட்டிக்காக ஏசி டிக் வாங்க வேண்டாம். 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மடித்து, மூலைகளுக்கு ஆங்கிள் வைத்து, ரிவெட் அடித்து, உள்பக்கம் சீலன்ட் இழுத்துவிடுங்கள். அடிப்பாகத்துக்கும் இரும்புத் தளத்துக்கும் நடுவில் ரப்பர் ஷீட் ஒன்று போடுங்கள், இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.